அன்வர் பாயின் மருந்துக் கார்டு

ஆகஸ்ட் 4, திங்கள்
மூட்டம். தோல் நாற்றம் வீட்டுக்குள்ளேயே. இழுப்பு ஜாஸ்தி. மருந்து பம்ப்பை ஆட்டிப் பார்த்தேன், ஏறக்குறைய காலி. இரண்டு வேளை உறிஞ்சச் சொன்னதை ஒரு வேளையாக்கி நாளாகிறது.

பக்கத்து வீட்டு பாபி, அன்வர் பாயின் மனைவி, கூப்பிட்டார். பாய் போன மாதம் மவுத்தானதிலிருந்து துக்கம் காக்கும் இத்தாவில் இருக்கிறார். வெளியே வருவதில்லை, ஆம்பளைகள் முன்னாலும் வருவதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பேச்சு மட்டும்.

"கோபி தம்பி, இது அவரோட கம்பெனி மருந்துக் கார்டு. ஆளே இல்ல, கார்டு எதுக்கு? நாளைக்கு ஒப்படைச்சிட்டு வந்துடுங்க."

பாயும் நானும் ஒரே தோல் கம்பெனி, ஒரே ஸ்ப்ரே செக்‌ஷன், அடுத்தடுத்த மிஷின். குடித்ததும் ஒரே புகை. அவர் பர்மனென்ட், சாகிறவரை மருந்து இலவசம். நான் கான்ட்ராக்ட், சொந்தக் காசு. நெஞ்சுக்குள் போன புகை கார்டு பார்த்தா போனது? நினைத்தாலே எரிகிறது.

வாங்க வேண்டியது: பால், தீப்பெட்டி, மல்லிகா செருப்புக்கு வார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
கம்பெனி டிஸ்பென்சரி. எல்லோரும் மாஸ்க், நானும். கார்டை ஜன்னலில் வைத்தேன். பாய் இறந்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன், இருமல் வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெண், "அன்வர் பாய், உக்காருங்க, டாக்டர் கூப்புடுவார்."

உட்கார்ந்தேன். எழுந்து போயிருக்கலாம்.

டாக்டர் வயதானவர், கண் சரியில்லை போல. முகத்தைப் பார்க்கவே இல்லை. முதுகில் குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"அதே சத்தம் பாய். இடது பக்கம் கீழ, பூனைக்குட்டி மாதிரி. எத்தினி பேர் வந்தாலும் இது உங்களுதுன்னு சொல்லிடுவேன்."

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

புது பம்ப், மாத்திரை. கார்டும் என் பையிலேயே. பாபியிடம் ‘ஒப்படைத்துவிட்டேன்’ என்று பொய். திரைக்குப் பின்னாலிருந்து பாபி சொன்னது:

"நீங்க மூச்சு விடறது அவரு மாதிரியே கேக்குது, தம்பி."

ஆகஸ்ட் 17, ஞாயிறு
நல்ல வெயில். மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். சந்தோஷம்தான், மறைப்பானேன்.

மல்லிகா காலையில், "இன்னாங்க இது, டீயை சாசர்ல ஊத்திக் குடிக்கிறீங்க?"

என்றைக்கும் எனக்கு டம்ளர்தான். சாசரில் குடிப்பது பாய். பேசுவதற்கு முன் நெஞ்சில் கை வைக்கிறேனாம், அதையும் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்
தூறல். மறுபடி டிஸ்பென்சரி. "அன்வர் பாய்" என்ற முதல் குரலுக்கே எழுந்துவிட்டேன்.

ஜன்னல் பெண் மருந்தை எடுத்துக்கொண்டே, "பாய், உங்க செக்‌ஷன்ல கோபின்னு ஒருத்தர் இருந்தாரே, கான்ட்ராக்ட். போன வருஷம் வந்து மருந்து கேட்டார். ரூல்ஸ் இல்லன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். மனசே கேக்கல. இப்ப எப்டி இருக்கார்?"

மாஸ்க்கைக் கண்வரை இழுத்துவிட்டேன். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"கோபி போய்ட்டான்மா."

அவள் கை அப்படியே நின்றது. "மருந்து இல்லாமயா?"

"ஆமா."

என் பக்கம் பார்க்காமல் பம்ப் ஒன்று கூடுதலாக வைத்தாள்.

திரும்பி வரும்போது பாபி வீட்டு வாசலில் இருமினேன். திரைக்குப் பின்னாலிருந்து, தூக்கத்தில் பேசுகிற மாதிரி, "வந்துட்டீங்களா?"

"ஹாங்" என்றேன். பாய் அப்படித்தான் சொல்வார்.

மல்லிகா சாப்பிடக் கூப்பிடுகிறாள். கோபி செத்துவிட்டான் என்று நானே சொல்லிவிட்டு வந்த நாள். மூச்சு மட்டும் ரொம்ப நன்றாக வருகிறது.