சீட்டுத் தண்டில் இருந்த கோடு

நீங்கள் கடைசியாக வாங்கி வந்த தைலக் குப்பி அலமாரியில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. இன்று மூடியைத் திறந்தேன், அறை முழுக்க உங்கள் கை மணம். பத்து நாளாக எனக்கு அது தேவைப்படவில்லை. முழங்கால் வலி போய்விட்டது. நல்ல சேதிதானே என்பீர்கள். முழுதும் கேளுங்கள்.

பிரேக் கட்டை மாற்றலாம் என்று சைக்கிளைப் பிரிக்பீல்ட்ஸ் முனையிலுள்ள சீனர் கடைக்கு ஓட்டிப்போனேன். நான் வந்த கோலத்தைப் பார்த்தே அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மா, சீட்டு ரொம்பக் கீழே லா! முட்டி சாகிட் இல்லே? வலி இல்லே?"

திருகைத் தளர்த்திச் சீட்டைத் தூக்கினார். இரண்டு அங்குலம் எழுந்ததும், குழாய்க்குள் மறைந்திருந்த தண்டில் அரத்தால் இழுத்த ஒரு கோடு வெளியே வந்தது. அங்கேயே நிறுத்தி, என்னை உட்காரவைத்து, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னார். கால் நேராக நின்றது. "குறி போட்ட ஆளு வேலை தெரிஞ்சவன்," என்றார். ரயில் பட்டறையில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்த உங்களுக்கு வேலை தெரியாமல் இருக்குமா?

நான் மருத்துவச்சிப் படிப்பு முடித்த மாதம் வாங்கிய சைக்கிள் அது. பின்வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லி, இதே போலக் குதிகாலை வைக்கச் சொல்லி நீங்கள் அளந்தீர்கள். எதற்கென்று எனக்கு அன்று புரியவில்லை. மூன்றாம் நாள் ரயில் கேட்டருகே லோரிச் சத்தத்தில் மிரண்டு விழுந்தேன், முழங்கை கிழிந்தது. அன்று சாயங்காலமே சீட்டை இறக்கிவிட்டீர்கள்.

"பழகுற வரைக்கும் ரெண்டு காலும் தரையில ஊனட்டும் புள்ள."

ஒரு வருஷம் கழித்து நானே கேட்டேன். "ஏங்க, முட்டி கடுக்குது. கொஞ்சம் ஏத்திப் பாக்கலாமா?" நீங்கள் தலை நிமிரவில்லை. "இதான் உன் அளவு. நான் அளந்து வச்சது." சுவரில் படம் ஒரு நூல் சாய்ந்தாலும் தூக்கம் வராத மனிதர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

பிறகு மாரியாயியின் தலைப்பிரசவம். கிள்ளான் சாலையில் எட்டாவது மைல், எட்டாங்கட்டையில் இருக்கும் ரப்பர் தோட்டம். ஆள் வந்து கூப்பிட்டதும் கிளம்பினேன். ஆறு மைல்தான் மிதிக்க முடிந்தது. மிச்சத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நடந்தேன். நான் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் நுழைந்தபோது கொடி சுற்றிய பிள்ளையைத் துணியால் மூடியிருந்தார்கள். "முட்டி விடலடி மாரியாயி," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்சம் முன்னால் போயிருந்தால் அந்தக் கொடியை என் விரலே எடுத்துவிட்டிருக்கும்.

வீட்டில் நீங்கள் என் காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்தீர்கள். நான் போதும் என்ற பிறகும் நீங்கள் விடவில்லை. செத்த பிள்ளைக்காக என்று நினைத்தேன். "தூரத்துக் கேஸ் உனக்கு ஆகாது. வேற யாராச்சும் பாக்கட்டும்," என்றீர்கள். நானும் சரி என்று நாலு வருஷம் நாலாங்கட்டையைத் தாண்டவில்லை.

அந்தப் பிள்ளை போன மறுநாள் காலையிலாவது, சீட்டை ஏற்றிவிட ஸ்பேனரைக் கையில் எடுத்தீர்களா? இது ஒன்றைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் போய் ஏழு மாதம் ஆன பிறகு யாரிடம் கேட்பேன்?

உங்கள் பயம் தெரியாதவள் இல்லை நான். தினமும் பட்டறை உடுப்போடு ரயில் கேட்டில் நின்று, என் மணிச்சத்தம் கேட்ட பிறகுதான் டீ குடிக்கப் போவீர்கள். போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டைக்குப் பயந்து, நான் தூரம் போக முடியாதபடி இரண்டு அங்குலம் இறக்கியே வைத்தீர்கள். கோபத்தில் உங்கள் படத்தைத் திருப்பி வைத்தேன். சாய்ந்திருந்தது, திரும்பப் போய் நேராக்கினேன்.

முந்தாநாள் மாரியாயிக்கு இரண்டாவது. எட்டு மைலும் ஒரே மூச்சாகப் போனேன். பெண் குழந்தை. நான் கை கழுவும்போது அவள் படுத்தபடியே கேட்டாள்:

"முட்டி வலி எப்படிக்கா போச்சு?"

கோடு என் நாக்கு நுனி வரை வந்தது. அவளிடம்தான் அதைச் சொல்ல வேண்டும், அவளுக்குத்தான் அது பாத்தியம். ஆனால் நான் சொன்னது வேறு.

"எங்க வீட்டுக்காரர் தைலம் போட்டுத் தேச்சுவிடுவாரு. அதுல கேட்டுச்சு."

"நல்ல மனுசன்க்கா. எங்க மாமியாளும் முட்டின்னு கெடக்குது. அடுத்த தடவ கொஞ்சம் கொண்டாங்களேன்."

நாளைக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகிறேன். குப்பியைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்துவிட்டேன்.