சிவந்த கர்னல்

ஜூன் 9

இன்று ஒரு நாய்க்குப் பயந்து மேசைமேல் ஏறிவிட்டேன். அது குரைக்கக்கூட இல்லை. தும்மியது.

என் மனைவி எர்மிலாவின் அண்ணன் கசிமிரோவின் நாய். மச்சானுக்குச் சிம்போத்தே துறைமுகத்தில் பெரிய படகில் வேலை கிடைத்திருக்கிறது. திரும்பி வரும்வரை இதை எங்கள் தலையில் கட்டிவிட்டார். உடம்பில் முடி கிடையாது, உச்சியில் மட்டும் நாலு மயிர் சிலிர்த்து நிற்கிறது. பாதிப் பல்லும் இல்லை. நாக்கு ஓரமாக வழிகிறது.

"பழங்காலத்துப் பானையிலெல்லாம் இதோட உருவம்தான் மாப்ளே. ராஜ வம்சம். மரியாதையா நடத்துங்க" என்றார்.

எனக்கு ஓய்வுபெற்ற கர்னல் மாதிரித் தெரிகிறது. அப்படியே பேர் வைத்துவிட்டேன்.

ஜூன் 14

கர்னலுக்கு மீன் வேகவைத்து, முள் எடுத்து, பிசைந்து போகிறது. எனக்கு முள்ளோடு வருகிறது. கேட்டேன்.

"அதுக்குப் பல்லு இல்ல. உங்ககிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்" என்றாள் எர்மிலா.

ஜூன் 20

எங்கள் பக்கம் ஜூன் என்றால் குளிர்காலம். கடற்கரை முழுக்கப் பனிமூட்டம். குளிர் வந்தால் எர்மிலாவின் விரல்கள் வீங்கி மடங்காமல் போகும். நாளெல்லாம் குளிர்ந்த நீரில் மீன் அறுக்கிற கை. இன்று கத்தி இரண்டு தடவை நழுவிவிட்டதாம். இப்படியே போனால் அறுக்கும் மேசையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் கர்னலின் வயிற்றுக்கடியில் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பிலிருந்து எடுத்த செங்கல் மாதிரி அப்படி ஒரு சூடு அதற்கு. வலிக்கு இந்த மாதிரி மொட்டை நாயை அணைத்துப் படுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். நான்தான் நம்பியதில்லை.

ஜூன் 23

காப்பிக் குவளையை ஒரே கையால் தூக்கினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஜூன் 27

பக்கத்து வீட்டுப் பெர்பெத்துவா அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "வாதத்துக்கு நாயா தம்பி? நாளைக்குப் பல்வலின்னா கழுதையக் கட்டிப்புடிப்பீங்களா?"

அவளுக்கே இடுப்பு வலி. சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள்.

ஜூலை 3

தப்பு நடந்துவிட்டது. குளிருக்குக் கர்னலின் தோல் காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. தினமும் எண்ணெய் தடவவேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தார். கைக்கு வந்த புட்டியைச் சாய்த்து நன்றாகத் தேய்த்தேன். சோற்றுக்குச் சிவப்பு ஏற்றுகிற அச்சியோத்தே எண்ணெய் அது.

கர்னல் வாத்துக்கறி நிறத்தில் இருக்கிறார். சோப்புக்கு அசையவில்லை.

ஜூலை 5

தொட்டதெல்லாம் சிவப்பு. எர்மிலாவின் உள்ளங்கை, தலையணை, என் தொப்பை.

"உங்க வயித்துல எப்படி வந்துச்சு? நீங்கதான் நம்பாத ஆளாச்சே."

பதில் தேடி வேலிப்பக்கம் போனேன். பெர்பெத்துவா அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் பாவாடையின் இடுப்பில் நாலு விரலோடு ஒரு சிவப்புப் பாதம்.

"பல்வலி எப்படி இருக்கு அக்கா?" என்று விசாரித்தேன். உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 19

மச்சானிடமிருந்து தகவல். 28ஆம் தேதி விடுமுறைக்கு வருகிறார். அவருடைய கூட்டாளியின் பிள்ளைக்கு அன்று ஞானஸ்நானம், இவர்தான் ஞானத்தகப்பன். போகும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போவாராம்.

"அவரோட நாய்தானே" என்றாள் எர்மிலா. கர்னலின் மீனை ரொம்ப நேரம் பிசைந்தாள்.

குளிர்காலம் இன்னும் பாதி கிடக்கிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

கர்னலின் நிறம் வெளுத்துவிட்டது. புட்டி அலமாரியில்தான் இருக்கிறது.

ஜூலை 27

தடவிவிட்டேன். இந்தத் தடவை கை தவறவில்லை.

ஜூலை 28

மச்சான் காலையிலேயே வந்து இறங்கினார். மேலிருந்து கீழ்வரை வெள்ளை உடுப்பு.

"கிட்ட போகாதீங்க மச்சான். தோல் நோய். தொத்திக்கும். உங்க தங்கச்சி கையப் பாருங்க."

பார்த்தார். குனிந்து கர்னலின் முதுகில் ஒரு விரலைத் தேய்த்தார். நாக்கில் வைத்தார்.

"நல்லாத்தான் தாளிச்சிருக்கீங்க மாப்ளே. உப்புதான் கம்மி."

நான் கூரையைப் பார்த்தேன். எர்மிலா அண்ணன் முன்னால் கையை நீட்டி, விரலை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். போன குளிரில் அவளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தவர் அவர்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார்.

"கேட்டா நீங்க யோசிப்பீங்களே மச்சான்."

"அதுவும் சரிதான். இங்கயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, ராத்திரியெல்லாம் பஸ்ஸுல உக்காந்து எனக்கும் இடுப்பு போச்சு. கொஞ்ச நேரம் குடுங்க."

கட்டிலில் குப்புறப் படுத்தார். கர்னல் ஏறி, சுற்றிப் பார்த்து, வசதியான இடமாகப் பிடித்துப் படுத்துக்கொண்டார். கோயில் மணி அடித்ததும் மச்சான் பதறி எழுந்து ஓடினார். நாங்கள் பின்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

ஞானத்தகப்பன் என்பதால் அவர் பிள்ளையை ஏந்திக்கொண்டு எல்லோருக்கும் முன்னால், சபைக்கு முதுகு காட்டி நின்றார். வெள்ளைக் கால்சட்டை. பின்பக்கம் கர்னல் சிவப்பாக, முழுசாகப் பதிந்திருந்தார், வால் உட்பட. பெர்பெத்துவா அக்கா மட்டும் அடையாளம் கண்டு, தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.