பைக்குள் இருந்த போன்

பாப்பா,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போ. சாவியை மாடி வீட்டு அத்தையிடம் கொடு.

நேற்று உங்கள் குழுவில், பேசப் பயப்படும் பிள்ளைகளோடு பெற்றவர்களையும் வட்டமாக உட்காரவைத்தார்கள். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். என் கைக்கு வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "போன் வருது" என்று சொல்லி வெளியே நழுவிவிட்டேன். மழைக்குப் பயந்து போனை உன் பைக்குள் போட்டது நானேதான் என்பது, செருப்பு ரேக் பக்கம் நின்றபோதுதான் உறைத்தது.

பஸ் நிலையத்துக் கண்ணாடி அறையில் நாள் முழுக்க மைக்கில் கத்துகிறவன் நான். அந்தத் திமிரில்தான் உன்னை, "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று தினமும் கரித்துக் கொட்டினேன்.

ஆறு வாரமாக அங்கே ஒரு சொல்கூடப் பேசாத நீ, "அப்பாவுக்கு ஆபீஸ்லேர்ந்து போன். இப்ப வந்துடுவாரு" என்று சொன்னது கதவு வழியாகக் கேட்டது. எல்லோரும் உனக்குக் கை தட்டினார்கள். அப்போதும் நான் உள்ளே வரவில்லை. வீடு வரும்வரை உன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

அப்பா

பால் பாத்திரம் சுடும், துணி பிடித்து இறக்கு.

நான் நழுவியதை அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை குழுவுக்கு நானும் வருகிறேன். அன்றைக்கும் போன் உன் பையிலேயே இருக்கட்டும். மறுபடி நான் எழுந்து நழுவப் பார்த்தால், எல்லோர் முன்னாலும் எடுத்துக் காட்டிவிடு.