வாளின் உறவுக்காரர்கள்

மார்ச் 3, திங்கள்
உறுதியானது: வாளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ‘எப்பே’, லத்தீன் ‘ஸ்பாத்தா’விலிருந்து வந்தது. அதற்கும் முன்னால், கிரேக்கத்தில், தறியில் ஊடுநூலை அடித்து நெருக்கும் தட்டைப் பலகைக்கு அந்தப் பெயர். சொன்னவர் பிரெஞ்சு டீச்சர், தொலைபேசியில், காலை பதினொன்றேகால். ஸ்பானிய ‘எஸ்பாதா’ உடன்பிறப்பு. மண் தோண்டும் ஆங்கில ‘ஸ்பேடு’ தூரத்துச் சொந்தம். ஈட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு ‘எப்யூ’ தம்பியா? பென்சிலில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

ஞாயிறு இதழில் சொல் வரலாறு பத்தி எழுத எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஆள் தேடுகிறார். முப்பத்தோரு வருடம் விபத்தும் கோர்ட்டும் எழுதியாயிற்று. இது எனக்கு வேண்டும்.

தங்கையின் கணவன் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தான். “வாளை வச்சு நெசவா? நோட்டைக் கொடுங்க மச்சான், படிச்சுட்டுத் தர்றேன்.”

மார்ச் 4
டீச்சர்: “இல்லைங்க, எப்யூ ஜெர்மானியக் குடும்பம். முகஜாடை மட்டும்தான்.” திருத்தலாமென்றால் நோட்டு அவனிடமிருந்து இன்னும் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
பத்தி வந்திருக்கிறது. அவன் பெயரில். தறிப்பலகை, ஸ்பேடு, எல்லாம் என் வரிகள். எப்யூவும் இருக்கிறது, தம்பியாக. கேள்விக்குறியைத்தான் காணோம்.

இருபது வருஷமா பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவன் — எப்படிடா மனசு வந்துச்சு?

மார்ச் 10
கேட்டேன். சிரித்தான். “நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள அந்தச் சொல்லே செத்துப்போயிடும் மச்சான். குடும்பத்துக்குள்ளதானே?”

மாலை தங்கை போனில்: “விடுண்ணே. பத்தி வந்தா உனக்குக் காட்டறதாத்தான் சொன்னாரு.” அப்படியானால் அச்சாகும் முன்பே அவளுக்குத் தெரியும். எத்தனை நாளாக? கேட்கவில்லை.

மார்ச் 12
எப்யூ தவறு என்று டீச்சர் பத்திரிகைக்குக் கடிதம் போட்டுவிட்டார். ஆசிரியர் அவனைக் கூப்பிட்டார். நான் வேறு வேலையாக அந்த அறையில்தான் நின்றிருந்தேன்.

“தப்பு மச்சானோட நோட்டுலயே இருந்தது சார். நான் அப்படியேதான் எடுத்தேன்.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியேவா?”

மார்ச் 14, வெள்ளி
திருத்தம் எழுதும் வேலை எனக்கு. நான்கு வரி. டீச்சரிடம் வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன்.

நோட்டு என் மேசைக்குத் திரும்பியிருக்கிறது. கேள்விக்குறி இருந்த இடத்தில் ரப்பர் தேய்த்துக் காகிதம் மெலிந்திருக்கிறது.

நாளை மாலை ஆறு மணிக்கு நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். பத்தி யாருக்கு என்பது அப்போது தெரியும். அதற்கு முன், ஐந்து மணிக்கு, என் வீட்டுக்கு வந்து பேசுவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள்.

நான் நாலரைக்கே கிளம்பிவிடுவேன்.