பிள்ளைகளின் தலைக்கு மேலே

ஜூன் 11

அன்புள்ள வாத்தியாருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "நலமே" என்று ஒரு வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுவதும் அந்த ஊர் நூலகத்தின் அழகையே பாடுகிறீர்கள். நூலகத்தையா நான் கட்டிக்கொண்டேன்? அடுத்த கடிதத்தில் சாப்பாடு, தூக்கம், இருமல் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

இங்கே ஒரு செய்தி. நம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைக் கல்லூரியாக்கும் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. இந்தத் தடவை வெறும் வாய்ப்பந்தல் இல்லை. கல்வித் துறையிலிருந்து ஆள் வந்து அறை அறையாக அளந்துகொண்டு போனார். தகரக் கூரை போட்ட இரண்டே அறையில் தொடங்கிய பள்ளி என்று சொல்வார்களே, அந்த இரண்டும் இப்போது விடுதிச் சமையற்கட்டு. அளக்க வந்தவர் அதையும் விடவில்லை. நம் தலைமையாசிரியர் அதற்குள் மனதளவில் பிரின்சிபால் ஆகிவிட்டார். புது ஷூ வாங்கியிருக்கிறார். அது கடிக்கிறது, ஆனாலும் கழற்றமாட்டேன் என்கிறார்.

கல்லூரி என்றால் பட்டம் பெற்றவர்கள்தான் பாடம் எடுக்க வேண்டுமாம். "உங்க வீட்டுக்காரருக்கு ஒரு இடம் வச்சிருக்கேம்மா, பட்டத்தை வாங்கிட்டு நேரா இங்க வரச் சொல்லுங்க" என்றார். பள்ளி கல்லூரியானால் என்ன, ஆகாவிட்டால் எனக்கென்ன? அது வந்தால் நீங்கள் வருவீர்கள், அவ்வளவுதான். வெட்கமில்லாமல் எழுதிவிட்டேன்.

பயிற்சி மாணவர்கள் இன்னும் என் ஒன்றாம் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்துதான் பாடம் நடத்தக் கற்றுக்கொள்கிறார்கள். ஜன்னலோரம், நீங்கள் உட்கார்ந்து எங்கள் பாடத்துக்கெல்லாம் மார்க் போட்ட நாற்காலி, கால் ஆடுகிற அந்த நாற்காலி, அப்படியே இருக்கிறது. அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. பாடம் நடத்துகிறவரின் பார்வை பிள்ளைகளின் தலைக்கு மேலே போகக் கூடாது என்று நீங்கள் போட்ட விதியையும் நான் இதுவரை மீறவில்லை.

உங்கள்,
ஒன்றாம் வகுப்பு


ஜூலை 2

என் டீச்சருக்கு,

சாப்பாடு: உப்புமில்லை, சப்புமில்லை. தூக்கம்: பக்கத்து அறைக்காரரின் குறட்டை இடம் கொடுக்கும்வரை. இருமல்: உன் அதட்டலுக்குப் பயந்து ஓடிவிட்டது. போதுமா?

தேர்வு முடிந்தது, பட்டம் கைக்கு வர இன்னும் சில மாதம் ஆகும். பேராசிரியர் கூப்பிட்டு, "இங்கயே இருந்துடுங்களேன், எங்க துறையில ஒரு இடம் காலியா இருக்கு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ வந்துவிடேன். ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். சமையலறை ஜன்னலில் காலை வெயில் விழுகிறது.

போன வருடமும் இதையே கேட்டேன். "பிள்ளைகள் பாதி எழுத்தில் இருக்கிறார்கள்" என்று எழுதினாய். பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் பாதி எழுத்தில்தான் இருப்பார்கள், டீச்சர். சில நாள் எனக்குத் தோன்றுகிறது, நீ வாழ்க்கைப்பட்டது அந்தப் பள்ளிக்கு, நான் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டவன் என்று.

கோபம் இல்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அதுதான் கோபம் மாதிரி தெரிகிறது. அந்த விதியை எதற்குப் போட்டேன் என்று உனக்குத் தெரியும். பின்னால் இருப்பவர் முகத்தில் மார்க் தேடுகிறவர், முன்னால் இருக்கும் பிள்ளைகளைக் கோட்டை விட்டுவிடுவார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம், இவள் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கமாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன். விதி போட்டவனே இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

உன்,
கடைசி நாற்காலி


ஆகஸ்ட் 20

அன்புள்ள வாத்தியாருக்கு,

வெயில் விழும் சமையலறை ஜன்னல் நல்லதுதான். ஆனால் என் பயிற்சிச் சான்றிதழை அங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நாள் முழுக்க அந்த வெயிலையே பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பேராசிரியருக்கு இப்போதே தலையாட்டிவிடாதீர்கள்.

அடுத்த மாதம் பார்வையிட ஒரு குழு வருகிறது. அவர்கள் சரி என்றால் கல்லூரி. நூலகத்தில் புத்தகம் போதாது என்று எல்லோரும் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அடுக்குகிறோம். மணி அடிக்கிற பியூன் பேருந்து கால அட்டவணையைக் கொண்டுவந்தார். "இதுவும் புஸ்தகம்தானே டீச்சர், தினம் படிக்கிறேனே!" என்கிறார். அலமாரியில் வைத்துவிட்டோம்.

குழு ஒரு பாடத்தை நேரில் பார்க்குமாம். என் பாடம்தான். கழித்தல் கணக்கு எடுக்கப் போகிறேன். உங்கள் புண்ணியத்தில் கழித்தல் எனக்கு நன்றாகவே பழகியிருக்கிறது.

நீங்கள் வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் இந்தப் பாடத்தை எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு அது தெரியாது.

உங்கள்,
ஒன்றாம் வகுப்பு


செப்டம்பர் 14

டீச்சருக்கு,

உங்கள் பள்ளியைப் பார்வையிடும் குழுவில் இருந்த எங்கள் பேராசிரியருக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, கடைசி நேரத்தில் அவருக்குப் பதிலாக என்னைக் காரில் ஏற்றிவிட்டார்கள். உனக்குத் தகவல் சொல்ல நேரமில்லை. அங்கே யாரோடும் தனியாகப் பேசக் கூடாது என்று கட்டளை. மனைவி அங்கே வேலை பார்க்கிறாள் என்பதால் எனக்கு மட்டும் இரண்டாவது தடவையும் சொன்னார்கள். பேச வேண்டாம், நீ என்னை ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றுதான் வந்தேன்.

பின்வாசல் வழியாக நாங்கள் நுழைந்தபோது பாடம் தொடங்கியிருந்தது. என் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன், அது வழக்கம்போல் கிரீச்சிட்டது. உன் காதில் விழாமல் இருந்திருக்காது. நீ நிமிரவில்லை. பாடம் முழுக்க நிமிரவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய்விட்டாய். எங்கள் காரும் கிளம்பிவிட்டது.

"அருமையான டீச்சர், யாரு இவங்க?" என்று காரில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்று மட்டும் சொன்னேன், என் மனைவி என்று சொல்லவில்லை.

விதி என்பாய். இத்தனை காலத்துக்குப் பிறகுமா? பாடத்தில் ஒரு குறையும் இல்லை. நானில்லாமல் உனக்கும் ஒரு குறையும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டேன். பேராசிரியரிடம் சரி என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இங்ஙனம்,
உன் கணவன்


செப்டம்பர் 21

என் வாத்தியாரே,

உங்கள் கடிதத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். காரை வழியனுப்பிய கையோடு பிரின்சிபால் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "உங்க வீட்டுக்காரர்மா! குழுவுல அவரும் இருந்தாரே, நீங்க பாக்கலையா?" என்றார். தெருமுனை வரை ஓடினேன். புழுதிதான் இருந்தது.

கிரீச்சென்ற சத்தம் கேட்டது. எனக்கு அது தினமும் கேட்கும். காற்றடித்தால் கேட்கும், ஒரு மாணவரின் முழங்கால் இடித்தாலும் கேட்கும். ஒவ்வொரு தடவையும், இதோ வந்து உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவேன். நிமிர்ந்தால் காலி நாற்காலி தெரிந்துவிடும். நிமிராதவரை நீங்கள் இருப்பீர்கள். விதியெல்லாம் சும்மா. உங்களை இழக்கப் பயந்துதான் நான் நிமிரவே இல்லை. நீங்கள் இல்லாத நாளெல்லாம் இருக்கிறீர்கள் என்று நம்பினேன். வந்திருந்த ஒரே நாளில், வழக்கம்போல் இதுவும் என் கற்பனைதான் என்று விட்டுவிட்டேன்.

இன்று பாடத்தின் நடுவில் நிமிர்ந்து பார்த்தேன். பின்வரிசை மாணவர்கள் திகைத்துப்போனார்கள். நாற்காலி காலியாக இருந்தது. பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டேன். ஒரு குட்டிப்பெண் கிட்டே வந்து, "கணக்கு தப்பாயிடுச்சா டீச்சர்?" என்றாள். "ஆமா கண்ணு, தப்பாயிடுச்சு" என்றேன்.

ஆணை நேற்று வந்தது. நாம் இப்போது கல்லூரி. பெயர்ப்பலகையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள், நானும் சிரித்து வைக்கிறேன்.

பேராசிரியருக்குச் சரி சொல்லிவிட்டீர்களானால் ஒரு வரி எழுதுங்கள், நாற்காலியை எடுத்துவிடுகிறேன். காலி என்று தெரிந்த பிறகு அதன் எதிரில் நின்று பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை.

உங்கள்


செப்டம்பர் 27

என் டீச்சருக்கு,

பேராசிரியரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் அந்த வெயில் ஜன்னலையும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

நாற்காலியை எடுக்காதே. அதன் காலைச் சரிசெய்ய யாரையும் விடாதே. திங்கட்கிழமை காலை, பாடம் தொடங்கிய பிறகு, பின்வாசல் வழியாக வருவேன்.

சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்.

உன்,
கடைசி நாற்காலி