அக்காவுக்கு நான் கொடுத்த சுதந்திரம்

ஆகஸ்ட் 30, இரவு

நேற்று அக்காவின் லேப்டாப்பில் விண்டோஸை அழித்துவிட்டு, யாரும் உள்ளே பார்த்து மாற்றக்கூடிய சுதந்திர மென்பொருள் மட்டுமே உள்ள லினக்ஸைப் போட்டேன். மலேசியச் சுதந்திர தினமான மெர்டேக்காவுக்கு என் பரிசு என்று பீற்றிக்கொண்டேன்.

இன்று இரண்டு மணிக்கு அவள் கத்தினாள். "டேய், வைஃபையே காணோம்! அஞ்சு மணிக்கு ஸ்காலர்ஷிப் இண்டர்வியூ லா!"

அவளுடைய வைஃபை கார்டுக்கு, மூலநிரல் வெளியிடாத ஒரு மூடிய ஃபைல் தேவை. மூடிய எதையும் சேர்ப்பதில்லை என்பது இந்த லினக்ஸின் கொள்கை. என் கணினி இணையக் கேபிளில் ஓடுவதால் எனக்கு இது உறைக்கவே இல்லை. அவள் லேப்டாப்பில் கேபிள் சொருக இடமில்லை, என் கணினியில் கேமரா இல்லை, எந்த ஃபைல் வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

உஜோங் பாசிரில் இருக்கும் என் நண்பன் குமாரிடம் சைக்கிளில் பறந்தேன். மூடிய ஃபைல்களும் கலந்த அவன் லினக்ஸை நான் கலப்படம் என்று கிண்டல் செய்வது வழக்கம்.

"வாங்க சுத்த சைவம்! இன்னைக்கு முட்டை மட்டும் ஓகேவா?" என்றபடி அந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

நாலே முக்காலுக்கு வைஃபை வந்தது. இண்டர்வியூ நடந்தது. அக்கா திட்டக்கூட இல்லை.

கொள்கை தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் வேண்டுமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் கேட்க வேண்டும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் நானே போட்டுத் தருவேன். குமாருக்கு மட்டும் தெரியக்கூடாது.