நாலு ஆடும் ஒரு பண்ணையும்

மார்ச் 3

காலையில் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பெரிய பங்களாவின் கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி வழக்கம்போல, "உங்க பட்டாளம் வந்தாச்சா?" என்றார். நாலே நாலு ஆடு. பட்டாளமாம்.

இது மூன்றாவது வருடம். குளிர் விட்டதும் பங்களாக்காரர் தன் புல்வெளியில் எங்கள் ஆடுகளை மேய விடுகிறார். காசு வாங்குவதில்லை. அந்தப் புல், நான் படுக்கும் மெத்தையைவிட மெத்தென்று இருக்கிறது. பணக்காரனுக்கும் மனசு இருக்கிறது பார் என்று அக்காவிடம் சொன்னேன். "இருக்கும். அது ஏன் நம்ம ஆட்டு மேல மட்டும் வருது?" என்றாள். வாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. நாக்கு மட்டும் ஒரு நாளும் விழவில்லை.

சாயங்காலம் கறுப்பியை அவளே கறந்தாள், வலது கையால். பயிற்சி கொடுக்க வரும் பெண் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னபோது, "நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று ஜன்னல் வழியாக எறிந்தவள் இவள். ஆட்டு மடியிடம்தான் அந்தக் கை அடங்கியது. இன்று அரைக் குவளை பால். மீதியைக் கறுப்பி உதைத்துக் கொட்டிவிட்டது.

மார்ச் 9

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா வந்தார். அம்மா என்ன அம்மா, என் மகள் வயதுதான் இருக்கும். அக்காவுக்கு வரும் தொகை, அவளைப் பார்த்துக்கொள்வதற்காக எனக்கு வரும் தொகை, இரண்டையும் மறுபடி ஆராய்கிறார்களாம். கட்டிலைப் பார்த்தார், மருந்துகளைப் பார்த்தார். அலமாரியைத் திறக்கலாமா என்று கேட்டுக்கொண்டே திறந்தார். கிழிந்த போர்வைகளைப் பார்த்து ஏமாந்து போனார் போலிருக்கிறது. அப்புறம் கொல்லைக்குப் போனார்.

"ஆடெல்லாம் யாரோடது?"

"எங்களோடதுதான். வேற யாரோடதா இருக்கும்?"

பெருமையாக வேறு சொன்னேன்.

மார்ச் 20

நிறுத்திவிட்டார்கள். இரண்டையும்.

காரணம்: கால்நடைச் சொத்து இருக்கிறது, பால் வியாபாரம் நடக்கிறது. வியாபாரமா? எதிர்வீட்டுக் குழந்தைக்கு ரெண்டு புட்டி பால் குடுக்கறேன், அவங்க அம்மா எங்க கிழிசலைத் தைச்சுத் தர்றாங்க — இதுக்குப் பேரு வியாபாரம்னா உலகத்துல எது வியாபாரம் இல்ல?

இனி நான் சலவை ஆலைக்குத் திரும்பிப் போகவேண்டும். அக்கா காப்பகத்துக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அந்தக் காப்பகத்தைப் போய்ப் பார்த்தோம். ஜன்னல்கள் எல்லாம் உயரத்தில். உட்கார்ந்திருப்பவர்களுக்கு வானம்கூடத் தெரியாது. அங்க இவ ஒரு மாசம் தாங்கமாட்டா. எனக்குத் தெரியும்.

"கொண்டுபோய் விட்டுடு. நீ வேலைக்குப் போ" என்றாள். வாயை மூடு என்றேன். அழவில்லை. பாத்திரம் தேய்த்தேன். ஒரு தட்டில் இருந்த பூப்படம் பாதி போய்விட்டது.

மார்ச் 21

கடைக்காரர், எதிர்வீட்டுக்காரி, பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் — எல்லோரும் ஒரே பாட்டு: ஆட்டை வித்துடுங்க. விற்றுவிட்டால் அக்காவின் கை? அதற்கு யாரிடமும் பாட்டு இல்லை.

மார்ச் 24

அரசாங்கத்தில் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்கத்தான் பங்களாவுக்குப் போனேன். பங்களாக்காரர் ஊரில் இல்லை. என்றைக்கு இருந்தார்? அவருடைய ஆடிட்டர் இருந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு கவலை? அந்த ஆடுங்க உங்க பேர்லயே இல்லையேம்மா. போன வருஷமே எங்க பண்ணை பேர்ல பதிஞ்சாச்சு. காதுல மஞ்சள் அட்டை இருக்கே, பார்க்கலையா?"

"அது தடுப்பூசி அட்டைன்னுதானே சொன்னீங்க?"

"தடுப்பூசியும் போட்டோம்ல."

எந்தப் பண்ணை என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். புல்வெளி, நீச்சல் குளம், துணியில்லாமல் நிற்கும் இரண்டு பளிங்குச் சிலைகள். இதுதான் பண்ணையாம். கால்நடை மேய்கிற நிலத்துக்கு வரி பேருக்குத்தானாம். "சட்டத்துலயே இருக்குற சலுகைம்மா, திருட்டு இல்ல" என்றார். எனக்கு ஆடே கிடையாது என்று கடிதம் தருகிறாராம். அதைக் காட்டினால் என் தொகை வந்துவிடுமாம். எல்லோருக்கும் நல்லதாம்.

கடிதத்தை வாங்காமல் வந்துவிட்டேன். ஏன் என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

மார்ச் 25

அதே நாலு ஆடு. என் கொல்லையில் நின்றால் நான் பணக்காரி. அவர் புல்லில் நின்றால் அவர் விவசாயி.

அக்காவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "அப்ப நான் இத்தனை நாளா அடுத்தவன் ஆட்டையா கறந்தேன்? திருட்டுப் பால்ல டீ குடிச்சிருக்கோம்டி!" பிறகு சிரிப்பு நின்றது. "ஆட்டைக் கடிச்சு, மாட்டைக் கடிச்சு, கடைசியில மனுஷனையே கடிக்கிறான். விடாதே."

மார்ச் 31

உதவித்தொகை அலுவலகத்துக்குக் கோணக்கொம்பு ஆட்டையும் இழுத்துக்கொண்டு போனேன். கறுப்பி வேண்டாம், உதைக்கும், சபைக்கு ஏற்றது கோணக்கொம்புதான் என்று அக்காதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள்.

"ஆடெல்லாம் உள்ள விட முடியாதும்மா" என்று வாசலில் மறித்தார்கள்.

"வீட்டுல நின்னா சொத்து, இங்க நின்னா ஆடா?" என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அதிகாரியம்மாவே படியிறங்கி வந்தார். காது அட்டையில் இருந்த எண்ணைக் கைபேசியில் தட்டினார். பங்களாவின் பெயர் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்ப இது உங்க ஆடு இல்ல. எங்களுக்கு ஆடு இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. அடுத்த மாசமே தொகை வந்துடும், நானே பண்ணித் தர்றேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பேனாவைக்கூடத் திறந்து கொடுத்தார்.

கையில் பேனா. மறு கையில் கயிறு. குட்டியாக வாங்கி வந்து, மழைக்கு என் போர்வைக்குள் வைத்து வளர்த்த கோணக்கொம்பு. கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கே ஆடிட்டர் வந்து இந்தக் கயிற்றைப் பிடித்தாலும் கேட்க எனக்கு வாயில்லை.

"ஆடு என்னோடது. அவரோட பண்ணைதான் பொய். அதை எழுதிக்குங்க."

"அது என் பிரிவு இல்லம்மா. வரி ஆபீஸ் வேற கட்டடம்."

வேறு கட்டடத்துக்கும் போனேன், கோணக்கொம்போடு. புகாரை வாங்கி முத்திரை குத்தினார்கள். அவர்கள் வாசலில் அது புழுக்கை போட்டது. நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் 1

உள்ளதும் போச்சு. திமிர் மட்டும் பாக்கி. அது நம் பரம்பரைச் சொத்து, நல்லவேளை அதிகாரியம்மா அதைப் பார்க்கவில்லை என்கிறாள் அக்கா.

ஏப்ரல் 8

சலவை ஆலையில் பாதி நாள் வேலை கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரி அக்காவைப் பார்த்துக்கொள்கிறாள். எத்தனை நாளைக்குப் பார்ப்பாள்? அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. பயமா இருக்கு. இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை.

சாயங்காலம் ஆடிட்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். புகாரின்பேரில் நாளை பண்ணையைப் பார்க்க வருகிறார்களாம். நான் ஆடுகளை மேலே ஓட்டுவதை நிறுத்திவிட்டேன் அல்லவா, சிலைகள் மட்டும்தான் மேய்ந்துகொண்டிருக்கின்றன. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் அனுப்புங்கம்மா. உங்க அக்காவை நினைச்சாதான் எனக்கு மனசு கேக்கல" என்றார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்.

கட்டிலிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "தம்பி, நாளைக்கு ஒரு நாள் உங்க முதலாளியே நாலு கால்ல நின்னு மேயட்டும். புல்லு அருமையான புல்லு."

அவர் போனதும் குறடு ஒன்றை எடுத்து நாலு அட்டைகளையும் வெட்டினேன். கறுப்பி வழக்கம்போல உதைத்தது. முழங்காலில் நீலம் பாரித்திருக்கிறது.

ஏப்ரல் 17

பயிற்சி கொடுக்கும் பெண் வந்திருந்தாள். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, "ஆடு கறக்க ஆரம்பிச்ச ஆறு மாசத்துல இவ்வளவு தேறியிருக்காங்க, இப்படி நான் பார்த்ததில்ல" என்றாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டேன். "சக்கர நாற்காலி, ரப்பர் பந்து இதெல்லாம் சொத்துக் கணக்குல வருமா?"

"வராதுக்கா. அதெல்லாம் சிகிச்சைச் சாதனம்."

நான் கொல்லையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கறுப்பி எங்கள் இருவரையும் பார்த்தது. அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். "எழுதித் தர்றேன். இதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றாள்.

இல்லைதான். ஆட்டைக் காட்டி அவர் நீச்சல் குளத்தைப் பண்ணையாக்கினார். நான் அக்காவின் கையைக் காட்டி ஆட்டைச் சிகிச்சைச் சாதனமாக்கப்போகிறேன்.

மே 6

பயிற்சிப் பெண்ணின் கடிதத்தோடு நான் போட்ட மேல்முறையீட்டுக்கு இன்று விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.

"ஆடு எப்படிம்மா சிகிச்சைச் சாதனமாகும்?" என்றார் நடுவில் இருந்தவர்.

"நீச்சல் குளம் எப்படிய்யா பண்ணையாச்சு?"

"அதை இங்க பேச வேண்டாம்."

"ஏன், ஆடு அதே ஆடுதானே?"

அவருக்குக் கோபம். எனக்கும். கெடுத்துவிட்டேனோ என்று நினைக்கும்போதே, சக்கர நாற்காலியில் இருந்த அக்கா மேசைமேல் கையை நீட்டினாள். வலது கை. அவருடைய தண்ணீர்க் குவளையை எடுத்தாள். கை நடுங்கியது, மடியெல்லாம் நனைந்தது. இரண்டு வாய் குடித்தாள், குவளையை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இது பொணக்கை. உங்க ரப்பர் பந்து செய்யல, எங்க கறுப்பி செஞ்சா."

அதிகாரியம்மாவும் அங்கே இருந்தார். யாரும் கேட்காமலே எழுந்து, "இவங்க எதையும் மறைக்கல. ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டிருந்தா எப்பவோ தொகை வந்திருக்கும். போடமாட்டேன்னுட்டாங்க" என்றார்.

அவரை இத்தனை நாள் மனதுக்குள் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதிதான்.

மே 29

கொடுத்துவிட்டார்கள்! ஆடுகள் சிகிச்சைக்காக, சொத்தில் சேராது. பாலை மட்டும் விற்கக் கூடாதாம். என்றைக்கு விற்றோம்?

நிறுத்திவைத்த மாதங்களுக்கு எதுவும் கிடையாதாம். அதற்கும் ஒரு மேல்முறையீடு எழுதியாகிவிட்டது. சலவை ஆலையில் நாளையோடு கணக்கு முடிகிறது. அக்கா இங்கேயேதான்.

ஜூன் 12

கடைத்தெருவில் பங்களாக் காவலாளியைப் பார்த்தேன். புல்வெளியில் இப்போது வெள்ளை வெள்ளையாகப் பெட்டிகள் வைத்திருக்கிறார்களாம். தேனீ. ஆடில்லாவிட்டால் என்ன, தேனீயும் பண்ணைக் கணக்கில் சேருமாம். வந்து பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம், சலுகை அப்படியே இருக்கிறதாம். வல்லான் வகுத்ததே வாய்க்கால். வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது புகாரை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியோரப் பூசணிக்கொடி முழுக்கப் பூ. பூ முழுக்கத் தேனீ.

"ஜன்னலைச் சாத்துடி. அதிகாரியம்மா பார்த்தா தேன் வியாபாரம்னு எழுதிடுவாங்க."

சாத்தவில்லை. புகாரின் அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்: மேற்படியாருடைய பண்ணை இப்போது எங்கள் கொல்லையில் மேய்கிறது. நாங்களும் காசு வாங்குவதில்லை.